முன்சக்கர வண்டியில் பர்ன்அவுட்டா, டிராக் நாளா?

ஸ்விஃப்ட், போலோ, ஐ20 மாதிரி முன்சக்கர இழுவை கார் வைத்திருப்பவருக்கு பர்ன்அவுட் ஆசை, அதாவது வண்டியை நிற்கவைத்துச் சக்கரத்தை மட்டும் சுழற்றி டயரைப் புகையவிடும் ஆசை வந்தால் மூன்று வழிகள் உண்டு. சொந்த வண்டியிலேயே செய்வது, அதற்கென்றே ஒரு பழைய பின்சக்கர இழுவை வண்டியைப் பிடிப்பது, இல்லையென்றால் அந்தக் காசை டிராக் நாளில், அதாவது ரேஸ் தடத்தில் சொந்த வண்டியை ஓட்ட விடும் நாளில் போடுவது. நான் மூன்றாவதற்குப் போனவன். அதனால் இதை நடுநிலையான தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொதுச் சாலையைப் பேச்சிலிருந்தே எடுத்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில் (அபாயகரமாக ஓட்டுதல்) முதல் தடவைக்கே சிறை வரை போகலாம். டயர் தேய்வதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: முன்சக்கர வண்டியில் நீங்கள் எரிப்பது, மழையில் வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் அதிகம் நம்பியிருக்கிற அந்த இரண்டு டயர்களை.

முன்சக்கர வண்டிக்கு ஒரு வசதி இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. அதை இழுத்துவிட்டு கிளட்சை விட்டால் வண்டி நிற்கும், முன்சக்கரம் சுற்றும். பின்சக்கர வண்டியில் இதே வேலைக்குப் பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டர் கொடுக்க வேண்டும். சுற்ற வேண்டிய சக்கரத்தையும் பிரேக் பிடிக்கும் என்பதால், நேர்கோட்டில் பாயும் டிராக் (drag) ரேஸ்காரர்கள் முன்பிரேக்கை மட்டும் பூட்டும் லைன் லாக் போடுகிறார்கள். செய்வதற்கு எது சுலபம் என்று கேட்டால் முன்சக்கரம்தான்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது டிஃபரன்ஷியல் இருக்கிற இடம். வளைவில் இடது, வலது சக்கரங்களை வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுப்பு அது. சாதாரண கார்களில் வருவது ஓபன் டிஃபரன்ஷியல். பிடிப்புக் குறைந்த பக்கத்துச் சக்கரம் மட்டும் சுற்றும், மறுபக்கம் கிட்டத்தட்ட சும்மா நிற்கும். அப்போது கியர்பாக்ஸ் கணக்கில் 50 கி.மீ. வேகம் என்றால், சுற்றுகிற சக்கரம் 100 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இந்த வித்தியாசம் முழுவதையும் தாங்குவது உள்ளே இருக்கிற சின்ன ஸ்பைடர் கியர்கள். அவற்றுக்கு பேரிங் கிடையாது, ஒரு எஃகு பின்னின் (pin) மேல் நேரடியாகச் சுற்றுகின்றன. வளைவில் திரும்பும்போது மெதுவாக உருள்வதற்குச் செய்த பாகம் அது. தொடர்ந்து வேகமாகச் சுழற்றினால் ஆயில் படலம் அறுந்து, கியர் பின்னோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பின் உடைந்தால் வெளியே வந்து கேஸிங்கில், அதாவது வெளிக்கூட்டில் அடிக்கும். தெரிந்த மெக்கானிக் கடையில் அப்படி ஒரு கேஸிங்கைப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் போகிற அளவு ஓட்டை, விளிம்பில் அலுமினியம் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது.

முன்சக்கர வண்டியில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸின் உள்ளேயே இருக்கிறது. ஒரே கேஸிங், பெரும்பாலும் ஒரே ஆயில். அந்த எஃகு பின் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் கியர்பாக்ஸ் பேரிங்குகளுக்கும் போகும். எதைப் பார்க்க வேண்டுமானாலும் சக்கரங்களுக்குப் போகும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டையும் உருவி, கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பழைய ஆம்னியிலோ பொலேரோவிலோ அது பின் ஆக்ஸிலில் தனி உருண்டையாகத் தொங்குகிறது. உடைந்தாலும் கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது, பழைய சாமான் கடையில் செட்டாகக்கூடக் கிடைக்கும். அதே முட்டாள்தனத்துக்கு இரண்டு வண்டியிலும் வரும் பில் ஒன்றல்ல. கூடவே, வழுக்கிக்கொண்டிருந்த டயர் திடீரென்று தரையைப் பிடிக்கும்போது வரும் உதையை முன்சக்கர வண்டியில் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட்டும் எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டும் வாங்கும். ஸ்டீயரிங் திரும்பியிருந்தால் இன்னும் மோசம்.

பின்சக்கர வண்டி பிடிப்பது அப்படியானால் நல்ல யோசனையா? புகைதான் நோக்கம் என்றால், ஆமாம். எனக்கு அந்த நோக்கம் இல்லை, இரண்டாவது வண்டி நிறுத்த இடமும் இல்லை.

டிராக் நாளுக்கு கோவை செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. தடம் இருக்கிறது. அங்கேயும் டயர் தேயும், பிரேக் பேட் வேகமாகக் கரையும், பிரேக் ஆயில் கொதிக்கலாம். ஆனால் இவை எல்லாம் மாற்றுவதற்கென்றே உள்ள பாகங்கள். சக்கரம் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் உருள்வதால் டிஃபரன்ஷியல் தன் வேலையைத்தான் செய்கிறது. இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ரேஸ், வேகச் சோதனை எல்லாம் பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

ஆட்டோமேட்டிக் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது, ஓட்டிய பழக்கம் குறைவு. ஆயிலில் நனையாத (டிரை) இரண்டு கிளட்ச் உள்ள டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டியில் சூடு சீக்கிரம் ஏறும் என்பதால் அதில் பர்ன்அவுட் பக்கமே போக மாட்டேன். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும், ஸ்பைடர் கியர் தப்பிக்கும் என்பது சரிதான். அதைப் போடவும் முதலில் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.