ஆறின வண்டியைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்

என்னுடையது 98 மாடல் புல்லட் 350, பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின். மதியம் என்றால் ஒரே கிக். குன்னூர் குளிரில் காலை ஆறரைக்கு அதே வண்டி இருபது கிக் வாங்கும், முழங்கால் கழன்றுவிடும். இரண்டு கடைகளில் காட்டினேன்; ஒருவர் பிளக்கை மாற்றினார், இன்னொருவர் காயிலை. நாம் ஓட்டிக்கொண்டு போய்த்தானே காட்டுகிறோம், சூடான இன்ஜின் அங்கே சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும், "நல்லாத்தானே இருக்கு சார்" என்று அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவதாகப் போனது மார்க்கெட்டுக்குக் கீழே, போர்டுகூட இல்லாத ஒரு ஷெட். அந்த அண்ணன் கிக்கரைத் தொடவே இல்லை. "ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போ தம்பி, ஆறின வண்டியிலதான் தெரியும்" என்றார்.

மறுநாள் காலை என் கண் முன்னாலேயே சோக் (ஆறின இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கிற விசை) போட்டுப் பத்து கிக் அடித்துவிட்டு பிளக்கைக் கழற்றினார். நுனி காய்ந்து கிடந்தது. பெட்ரோல் ஏறியிருந்தால் நனைந்திருக்கணும். அதே பிளக்கை ஹெட்டில் ஒட்டிவைத்து ஒரு கிக், பளிச்சென்று நீலப் பொறி. சரி, கரண்ட் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. கார்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால், சோக்குக்குப் பெட்ரோல் போகிற ஊசித்துளை பழைய பெட்ரோல் பிசினில் அடைத்துக் கிடக்கிறது. சூடான இன்ஜினுக்குச் சோக்கே வேண்டாம், அதனால்தான் மதியத்தில் இந்தக் குறை தலைகாட்டவில்லை. கேபிள் கம்பியின் ஒற்றை இழையை விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார், அப்புறம் பாயிண்ட் கேப்பையும், அதாவது பொறிக்கான கரண்ட்டை வெட்டிவிடுகிற முனைகளின் இடைவெளியையும், 0.35 மில்லிமீட்டருக்கு வைத்துக் கொடுத்தார்.

எனக்கும் திட்டு விழுந்தது. சோக் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குவது என் பழக்கம். இந்தக் கார்பரேட்டரில் முறுக்கினால் உறிஞ்சும் வேகம் குறைந்து சோக் வழியாகப் பெட்ரோல் ஏறாதாம், கையை எடுத்துவிட்டுத்தான் அடிக்கணுமாம். பத்து வருஷமாக ஓட்டுகிறேன், யாரும் சொன்னதில்லை.

குறை இல்லாமல் இல்லை. நாளைக்கே தருகிறேன் என்றவர் மூன்று நாள் இழுத்தார், போன் எடுக்கவே மாட்டார், பில் கிடையாது, டேங்க்கில் கிரீஸ் கைத்தடம் வேறு. ஆனால் வாங்கியது 450 ரூபாய்தான். அந்தக் காயிலுக்கு நான் அழுதது இதைவிட அதிகம்.

இரண்டு மாதமாகக் காலையில் இரண்டாவது கிக்கில் எடுக்கிறது, கிக்கரை மெதுவாக மிதித்து ஆம்மீட்டர் (கரண்ட் காட்டுகிற மீட்டர்) முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து அடித்தால் முதல் கிக்கிலேயே. போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள். ஞாயிறு ஷெட் திறப்பதில்லை.