9.9.9.9: மாற்றினேன், அப்படியே விட்டுவிட்டேன்

முகவரியில் ஒரு எழுத்து தப்பாக அடித்தால் தளம் இல்லை என்றுதானே வரவேண்டும்? என் இணைய இணைப்பு நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) இருந்தவரை விளம்பரம் நிறைந்த ஒரு பக்கம்தான் வந்து நிற்கும். அந்த எரிச்சலில்தான் குவாட்நைன் என்ற வேறொரு டிஎன்எஸ் சேவைக்கு மாறினேன். ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 9.9.9.9 போட்டால் போதும், கணக்கு, கட்டணம் எதுவும் கிடையாது. அன்றோடு அந்தப் பக்கம் ஒழிந்தது.

மோசடித் தளம், வைரஸ் தளம் என்று தெரிந்த பெயர்களை இது தடுத்துவிடும். அதைவிட எனக்கு முக்கியம் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு, அதாவது வந்த பதில் அசல்தானா என்று டிஜிட்டல் கையொப்பத்தை வைத்துப் பார்ப்பது. ரிசால்வர் (நம் கேள்விக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் சர்வர்) சேமித்து வைக்கும் பதில்களில், அதாவது கேஷில், பொய் முகவரியைச் சொருகுவது எவ்வளவு சுலபம் என்று 2008-ல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி காட்டினார், 2010-ல் டிஎன்எஸ்ஸின் உச்சியான ரூட்டுக்கே கையொப்பம் வந்தது, ஆனால் அந்தக் கையொப்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத ரிசால்வர்கள் இன்னமும் இருக்கின்றன. சோதனைக்கென்றே கையொப்பத்தைக் கெடுத்து வைத்திருக்கும் தளம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பழைய டிஎன்எஸ்ஸில் ஜோராகத் திறந்தது, இதில் திறக்கவே இல்லை. ஒரு பக்கம் திறக்காததற்குச் சந்தோஷப்பட்டது அப்போதுதான்!

2017-ல் ஐபிஎம், பாக்கெட் கிளியரிங் ஹவுஸ், குளோபல் சைபர் அலையன்ஸ் சேர்ந்து தொடங்கியது இது. லாப நோக்கமில்லாத அமைப்பு, 2021-ல் சுவிட்சர்லாந்துக்கு இடம் மாறியது. இதில் பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் சும்மா பெயருக்கு இல்லை, வளரும் நாடுகளில் இணையப் பரிமாற்ற மையங்கள் (இணைய நிறுவனங்கள் ஒன்றோடொன்று நேரடியாக இணையும் இடங்கள்) அமைய நெடுநாளாக உதவி வருபவர்கள். அந்த மையங்களிலேயே குவாட்நைன் சர்வர்களும் உட்கார்ந்திருப்பதால், இணையம் இப்போதுதான் பரவுகிற நாட்டில் இருப்பவரின் கேள்வி கடலுக்கடியில் கேபிள் வழியாக வேறு கண்டம் போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஒரே பக்கத்தைத் திறக்கவே பல பெயர்களைக் கேட்கவேண்டிய காலத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒன்று, உங்கள் இணைய இணைப்பு நிறுவனம் அந்த மையத்தோடு இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் பக்கத்திலேயே இருந்தாலும் கேள்வி ஊர் சுற்றித்தான் போகும். மாற்றுவதற்கு முன் 9.9.9.9-க்கு ஒரு பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. தடுக்கப்பட்ட தளத்துக்கும் இல்லாத தளத்துக்கும் ஒரே பதில்தான், ஏன் திறக்கவில்லை என்று வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியாது. நீங்கள் எந்தப் பகுதியிலிருந்து கேட்கிறீர்கள் என்பதையும் இது வெளியே சொல்லாது, அதனால் சில வீடியோ தளங்கள் தொலைவிலுள்ள சர்வரைக் கொடுத்துவிடலாம். அப்படி நடந்தால் 9.9.9.11 போடுங்கள், அது உங்கள் ஐபி முகவரியின் ஒரு பகுதியை அனுப்பும். வேகத்துக்காக அவ்வளவு விட்டுக்கொடுக்கலாமா என்பது அவரவர் விருப்பம், நான் 9.9.9.9-லேயே இருக்கிறேன்.