குதிரைச் சேணம் கூட்டாக வாங்கலாம் என்று அழைப்பு வந்தால் பணம் அனுப்பாதீர்கள்: எங்கள் ரூ.1,47,500 போய்விட்டது

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் குதிரை வைத்திருப்பவர்களும், பிள்ளைகளைக் குதிரையேற்றப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும் இதைப் படித்துவிட்டு மறு வேலை பாருங்கள். ஆள் சேரச் சேர விலை குறையும் என்று சொல்லும் ஒரு கூட்டுக் கொள்முதல் இணையதளத்தின் வழியாகச் சேணம், கடிவாளம், வயிற்று வார், கால் வைத்து ஏறும் அங்கவடி எல்லாம் அடங்கிய பத்து செட்டுகளுக்கு நாங்கள் கட்டிய ரூ.1,47,500 போய்விட்டது. ஏழு பெட்டிகள் வந்தன. அவற்றில் ஒன்றைக்கூடக் குதிரை முதுகில் வைக்க முடியாது. மூன்று பெட்டிகள் வரவே இல்லை. நேற்று மாலை அவர்கள் அனுப்பிய பதிலைப் படித்த பிறகு இனிப் பொறுத்துப் பயனில்லை என்பதால் எழுதுகிறேன். எப்படி நம்ப வைக்கிறார்கள் என்பதையும், வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய சிறிய திடலில் நாங்கள் சிலர் குதிரைகளைக் கட்டிப் பராமரிக்கிறோம். பெரும்பாலானவை அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியவை. காத்தியவாரி இனம் உண்டு, மார்வாரி இனம் உண்டு, இரண்டும் கலந்தவையும் உண்டு. சேணங்கள் பழசாகி வார்கள் இற்றுப்போயிருந்தன. எங்கள் பகுதிச் சேணக் கடையில் ஒரு செட் ரூ.24,000 சொன்னார்கள். அந்த இணையதளத்தில் அதே போன்ற செட், பத்துப் பேர் சேர்ந்தால் ரூ.14,750 என்றிருந்தது. தலைக்கு ரூ.9,250 மிச்சம். தோப்புக் குத்தகைக்காரர்களும் பனியன் கம்பெனியில் சம்பளம் வாங்குபவர்களும் இருக்கும் எங்கள் குழுவில் அது சின்னத் தொகை அல்ல. ஒரு குதிரைக்கு மாதக்கணக்கில் கொள்ளும் தவிடும் வாங்கலாம்.

விலையைப் பார்த்து மட்டும் நாங்கள் பணம் கட்டிவிடவில்லை. அந்தத் தளத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். எங்களுக்கு வாய்த்தவர் நம் பக்கத்துப் பேச்சுக்காரர். வீடியோவில் வந்து, "குதிரை காத்தியவாரிங்களாண்ணா, மார்வாரிங்களாண்ணா? ரெண்டுக்குமே காது உள்ளே வளைஞ்சிருந்தாலும் முதுகு வேற வேறங்க" என்று தொடங்கினார். கையில் ஒரு சேணத்தை எடுத்துத் திருப்பிக் காட்டி, உள்ளே இருக்கும் மரச்சட்டத்தை விரல் முட்டியால் தட்டி ஓசையைக் கேட்க வைத்தார். கான்பூர்ச் சரக்கு என்றார். கான்பூர்ச் சேணங்களுக்குப் புவிசார் குறியீடே உண்டு என்பது குதிரைக்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொன்னதும் பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது.

மீதி நம்பிக்கை வந்தது அளவு கேட்டபோதுதான். வளையக்கூடிய ஒரு கம்பியைப் பிடரி முடியும் மேட்டின் மேல் அழுத்தி வளைத்து, அந்த வளைவைத் தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னார். சேணம் பொருத்தத் தெரிந்தவர்கள் உண்மையாகவே செய்யும் முறை அது. சட்டம் அகலமாக இருந்தால் சேணம் இறங்கி முதுகெலும்பின் மேட்டில் உட்காரும், குறுகலாக இருந்தால் இரு தோள்களையும் கவ்வும் என்பதால் குதிரைக்குக் குதிரை அளவு எடுத்தே ஆக வேண்டும். நாங்கள் லாயத்தில் ஒவ்வொரு குதிரையாக நிறுத்தி, தாமிரக் கம்பியை வளைத்து, சார்ட் தாளில் கோடு இழுத்து, குதிரையின் பெயரையும் ஓட்டுபவரின் உயரத்தையும் எழுதி அனுப்பினோம். எடுத்த அளவு சரியில்லை என்று இரண்டு குதிரைகளுக்கு மறுபடியும் எடுக்கச் சொன்னார். ஏமாற்ற வந்தவன் அளவைத் திருத்தச் சொல்வானா என்றுதான் அத்தனை பேரும் நினைத்தோம்.

பணத்தை இரண்டாகப் பிரித்துக் கேட்டார்கள். தலைக்கு ரூ.2,000 முன்பதிவாக இணையதளத்திலேயே கட்டினோம், மீதி ரூ.12,750 'குழுக் கணக்கு' என்று சொல்லி அனுப்பப்பட்ட கியூஆர் குறியீட்டுக்கு அவரவர் கைப்பேசியிலிருந்து போனது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கட்டினால்தான் விலை நிற்கும் என்று திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஆக மொத்தம் ரூ.1,47,500. அதில் இணையதளத்தின் கணக்கில் இருப்பது ரூ.20,000 மட்டுமே என்பதன் பொருள் பின்னால்தான் விளங்கியது.

பெட்டிகளைப் பிரித்தவுடனே பசை வாடை அடித்தது. பதனிட்ட தோலுக்கு ஒரு மணம் உண்டு, இந்த ஊரில் அது தெரியாதவர்கள் குறைவு. இது அது அல்ல. இருக்கையின் மேல் மட்டும் மெல்லிய தோல், இரு பக்கமும் தொங்கும் மடல்கள் எல்லாம் ரெக்சின். வயிற்று வாரைக் கோக்கும் பட்டைகளில் தையல் அகல அகலமாக ஓடி, நுனியில் முடிச்சு போடாமல் விடப்பட்டிருந்தது. சவாரி செய்பவரின் உயிர் அந்தப் பட்டைகளில்தான் தொங்குகிறது. சேணத்தின் முன்மேட்டை வயிற்றில் அணைத்துக்கொண்டு பின்மேட்டைத் தன் பக்கம் இழுத்தால் நல்ல சட்டம் லேசாக வளைந்து கொடுக்குமே தவிர மடங்காது. இவை நடுவில் மடங்கின; ஒன்றில் படக்கென்று சத்தமும் கேட்டது. கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் இரும்பின் மேல் பூசியிருந்த வெள்ளிப் பூச்சு நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உரிந்தது. அதைக் குதிரையின் நாக்கின் மேல் வைக்க வேண்டுமாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழு சேணங்களும் ஒரே அளவு. பதினேழு அங்குல இருக்கை, ஒரே சட்ட அகலம். ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கும் பதினேழு, ஆறடி உயரமுள்ளவருக்கும் பதினேழு. நாங்கள் வளைத்து வரைந்து அனுப்பிய அளவுகளை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். உள்ளவற்றில் உருப்படியாகத் தெரிந்த ஒன்றை மட்டும் எங்கள் பெட்டைக் குதிரைக்குப் போட்டு நடையில் சிறிது நேரம் சுற்றினோம். இறக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் வியர்வை, பிடரி மேட்டின் இரு பக்கமும் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது. சேணம் அளவுக்கு மீறி அழுத்தும் இடத்தில் வியர்வை வராது. மறுநாள் அங்கே வீக்கம். கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, வீக்கம் வடியும்வரை முதுகில் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லிப் போனார். வாயில்லா ஜீவன், வலிக்கிறது என்று சொல்லவா முடியும்? துடைக்கப் போனால் காதை மடக்கிக்கொண்டு விலகுகிறது.

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் ஒருங்கிணைப்பாளரே எடுத்துப் பேசினார்: "புதுத் தோலுங்கண்ணா, பழகினா உட்கார்ந்துக்கும்." அளவைப் பற்றிக் கேட்டதற்கு, "குதிரை உடம்பு ஏறி இறங்குமுங்களே, நீங்க அளந்தப்ப இளைச்சிருந்திருக்கும்" என்றார். பத்துக் குதிரையும் ஒரே அளவுக்கா ஏறி இறங்கின என்று கேட்டவுடன் இணைப்பைத் துண்டித்துவிட்டார். வராத மூன்று பெட்டிகளைக் கேட்டால் கூரியரில் கேளுங்கள் என்றார். கூரியர்காரர்கள் அந்த எண்ணில் சரக்கே ஏறவில்லை என்றார்கள். இணையதளமோ மூன்றும் 'ஒப்படைக்கப்பட்டது' என்று பச்சையில் காட்டுகிறது. யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று உரையாடல் பெட்டியில் கேட்டால், "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது" என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. விற்பனையாளரைக் கேளுங்கள் என்கிறது தளம். குழு வழியாக வந்த ஆர்டருக்குக் குழுவே பொறுப்பு என்கிறார் விற்பனையாளர். ஒருங்கிணைப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் வேறு யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டார். ரூ.1,47,500 வாங்கும்போது ஒரே வாயால் பேசியவர்கள், பதில் சொல்லும்போது மூன்று ஆளாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.

நேற்று வந்த கடைசிப் பதில் இது: சேணம் 'பயன்படுத்தப்பட்டுவிட்டதால்' திரும்பப் பெற இயலாது, கியூஆர் வழியாகச் சென்ற ரூ.1,27,500 தளத்துக்கு வெளியே நடந்த பரிமாற்றம் என்பதால் அதற்குத் தளம் பொறுப்பல்ல. முன்பதிவுத் தொகைக்கு ஈடாக ஒவ்வொருவருக்கும் ரூ.2,000 மதிப்புள்ள கூப்பன் தரப்படும், அடுத்த கூட்டுக் கொள்முதலில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒன்றைப் போட்டுப் பார்த்ததற்காக ஏழும் பயன்படுத்தப்பட்டவையாம். மற்ற ஆறும் குதிரை முதுகைத் தொடவே இல்லை.

வந்த சேணங்களில் ஒன்றையாவது சரிசெய்ய முடியுமா என்று, முதலில் விலை கேட்ட அதே சேணக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார பாய், சேணத்தைக் கவிழ்த்து, பஞ்சு அடைத்த அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நீட்டினார். "தம்பி, இதை நான் தைக்க மாட்டேன். தைச்சுக் குடுத்தா, இதுல ஏறுற குழந்தைக்கு நான் பதில் சொல்லணும்." அவர் சொல்லும் ரூ.24,000-இல் என்ன அடங்கும் என்று அன்றுதான் விவரமாகக் கேட்டோம். லாயத்துக்கு வந்து குதிரை மேல் வைத்துப் பார்ப்பார். பிடரி மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போகும் இடைவெளி, ஆள் ஏறிய பிறகும் இருக்கிறதா என்று பார்ப்பார். கம்பளிப் பஞ்சு சில மாதங்களில் அமுங்கும், அப்போது பிரித்து மறுபடி அடைத்துத் தருவார். வார் இற்றால் மாற்றித் தருவார். இப்போது அவர் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இணையத்தில் வாங்கியதைத் தைக்க வருபவர்கள்தானாம். புதுச் சேணம் கேட்பவர்கள் குறைந்ததால் கூட உட்கார்ந்து தைத்த ஆளை நிறுத்திவிட்டார். இந்தக் கடையும் மூடிவிட்டால், ஓர் அங்கவடி வார் அறுந்தால்கூட நாம் பெங்களூருவுக்கோ சென்னைக்கோதான் ஓட வேண்டியிருக்கும்.

"பத்து செட்டு ஒண்ணா சொல்லியிருந்தா நானே குறைச்சுக் குடுத்திருப்பேனே, தோலெல்லாம் ஒரே லோடுல வந்திருக்கும்" என்றும் அவர் சொன்னார். கூட்டாக வாங்குவதில் தவறே இல்லை. பத்துப் பேரின் பலத்தை, குதிரையை நேரில் வந்து பார்க்கிறவரிடம், அவர் கடை வாசலிலேயே காட்ட வேண்டும். எங்கள் குழு இனி அப்படித்தான் வாங்கும்.

கோபத்தில் எழுதுவதால் மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முன்பதிவு ஓரிடத்தில், மீதி வேறோர் இடத்தில் என்று கேட்டால் அப்போதே விலகிவிடுங்கள். பெட்டியைப் பிரிப்பதை முழுவதுமாகக் காணொளி எடுங்கள், எடுத்து முடிக்கும்வரை குதிரை மேல் வைக்காதீர்கள். தலைக்கவசத்தை எக்காரணம் கொண்டும் இப்படி வாங்காதீர்கள். பணம் போனது தெரிந்தால் தாமதிக்காமல் இணைய நிதி மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மின்வணிக விதிகள், 2020-இன்படி குறைதீர் அலுவலரின் பெயரைத் தளத்தில் காட்டியிருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நாங்கள் தேடியவரை அந்தத் தளத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. ரூ.5 லட்சம் வரையிலான கொள்முதலுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ரூ.1,47,500-க்கான பணப் பரிமாற்றச் சான்றுகள், அளவுத் தாள்கள், மருத்துவரின் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் கொடுக்கப் போகிறோம்.

ஆடிச் சந்தையை முன்வைத்து அதே ஒருங்கிணைப்பாளர் தாராபுரம், பவானிப் பக்கத்துக் குதிரைக்காரர்களிடம் இப்போது ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். கம்பியை வளைத்து அளவு அனுப்பச் சொல்லி யாரேனும் கேட்டிருந்தால் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், புகாரில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம்.