கிராண்ட் ஜூரி சப்போனாவா, சிவில் விசாரணைக் கோரிக்கையா?

அமெரிக்க மத்திய அரசு வழக்கறிஞரிடமிருந்து தாள் வந்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள்.

கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) அனுப்பும் சப்போனா, அதாவது சாட்சி சொல்லவோ ஆவணம் தரவோ அழைக்கும் ஆணை என்றால் அது குற்றவியல் விசாரணை. சாட்சி அறைக்குள் உங்கள் வக்கீல் வர முடியாது. வாசலில் காத்திருப்பார், இடையில் வெளியே வந்து அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். தகுந்த காரணமின்றிப் பேச மறுத்தால் நீதிமன்றம் 18 மாதம் வரை அடைத்துவைக்கலாம்.

அரசிடம் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் பெற்றதைத் துருவும் சிவில் விசாரணைக் கோரிக்கை சாதுவாகத் தெரியும். வக்கீல் பக்கத்திலேயே உட்காரலாம். வாய்மொழி சாட்சியத்துக்கு, பொதுவாக, குறைந்தது 7 நாள் அவகாசம். ஆனால் கோரிக்கையையே எதிர்த்து மனுப் போட 20 நாள்தான். பதில் தேதி அதற்கு முன்பே வந்தால் அதுவே கெடு. கோட்டைவிடுவது இங்கேதான். இதில் சொன்னது குற்றவியல் பிரிவின் மேசைக்கும் போகலாம். தன்மீதே குற்றம் வரும் கேள்விக்கு மௌனம் காக்கும், அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்த உரிமை இரண்டிலும் உண்டு.

எது வந்தாலும் ஒரு மின்னஞ்சலைக்கூட அழிக்காதீர்கள். அதுவே தனிக் குற்றமாகலாம்.