கர்ப்பகால அரிப்புக்கு எந்த மருந்து?

ஏழாம் மாதத்துக்குப் பிறகு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன. ராத்திரியில் தூங்கவே முடியவில்லை, ஆனால் தோலில் ஒரு தடிப்பும் இல்லை. வீட்டில் "உடம்புச் சூடு" என்பார்கள். கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாத கர்ப்பகாலப் பித்தத்தேக்கமாகவும் அது இருக்கலாம். பிரிட்டனில் ஆயிரம் கர்ப்பிணிகளில் சுமார் 7 பேருக்கு வரும் இந்த நோய், அங்கே வாழும் இந்திய, பாகிஸ்தான் வம்சாவளிப் பெண்களில் 12 முதல் 15 பேருக்கு வருகிறது.

மருத்துவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம். நம் மருந்துக்கடைகளில் உடிலிவ் என்ற பெயரில் கிடைக்கும். பித்தநீரை ஓட வைக்கும் மருந்து இது. உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு நாள் அளவு. 2019இல் பிரிட்டனில் 605 பெண்களை வைத்து இதை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். குழந்தை இறப்பு, குறைப்பிரசவம், பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மருந்து சாப்பிட்டவர்களில் 23 சதவீதம், வெற்று மாத்திரையில் 27 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான். அரிப்பும் நூறு புள்ளி அளவில் 6 புள்ளிகூடக் குறையவில்லை. அதனால் பிரிட்டன் வழிகாட்டுதல் இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது, அமெரிக்க வழிகாட்டுதலோ இதையே முதல் மருந்தாக வைத்திருக்கிறது.

என் சாய்வு அமெரிக்கா பக்கம். பக்கவிளைவு என்று பார்த்தால் லேசான வயிற்றுப்போக்குதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021 அலசலில், ஒற்றைக் குழந்தை சுமப்பவர்களுக்குத் தானாக வரும் குறைப்பிரசவம் இதனால் குறைந்ததாகத் தெரிந்தது. இறந்து பிறப்பதை மட்டும் இது தடுத்ததாகத் தெரியவில்லை.

இதற்கும் அரிப்பு அடங்காவிட்டால் சிலர் ரிஃபாம்பிசின் சேர்க்கிறார்கள். காசநோய்க்குக் கொடுக்கும் அதே மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். ஆனால் அதுவே கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடரக் கூடாது. கொலெஸ்டிரமின் பொடி, பித்தநீரில் உள்ள பித்த அமிலத்தைக் குடலில் பிடித்து வெளியேற்றும். கூடவே வைட்டமின் கே உடம்பில் சேர்வதையும் குறைத்துவிடும். பிரசவம் நெருங்கும் நேரத்தில் ரத்தம் உறைய உதவும் சத்தை இழப்பது நல்லதல்ல. நானாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 2005 ஸ்வீடன் ஆய்வில் அரிப்பைக் குறைக்கவில்லை. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின் தூக்கத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

சரி, குழந்தையைக் காப்பது எது? ரத்தத்தில் பித்த அமில அளவும், அதைப் பார்த்துக் குறிக்கும் பிரசவ நாளும்தான். அளவு லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தால் குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பு 0.13 சதவீதம், 40 முதல் 99 வரை 0.28, நூறைத் தொட்டுவிட்டால் 3.44. அதனால்தான் நூறைத் தொட்டவர்களுக்கு 35, 36 வாரத்திலேயே பிரசவம் பார்க்கச் சொல்கிறார்கள். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி பார்க்க ரத்தம் எடுக்கும்போதே பித்த அமிலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் முறை சரியாக இருந்து அரிப்பு தொடர்ந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.