கமென்ஸா, ஸ்டார்ட்டா?
ஆங்கிலத்தில் மெயில் எழுத உட்கார்ந்தால் பலருக்கும் வரும் குழப்பம் இது. இரண்டுக்கும் பொருள் தொடங்குவதுதான்.

பிறப்பு: ஸ்டார்ட் பழைய ஆங்கிலச் சொல், முதலில் துள்ளுவதைக் குறித்தது. கமென்ஸ் பிரெஞ்சு வழியாக வந்தது. 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் கோர்ட்டிலும் அரண்மனையிலும் பிரெஞ்சுதான் ஓடியது, அந்த விறைப்பு இன்னும் இதற்குப் போகவில்லை.

எங்கே பொருந்தும்: வழக்கு விசாரணை, ஒப்பந்தம், விழா அழைப்பிதழ் என்றால் கமென்ஸ். கார், பைக்? ஸ்டார்ட் மட்டும்தான், 'காரை கமென்ஸ் பண்ணு' என்றால் சிரிப்பார்கள்.

எழுத்து: கமென்ஸில் இரண்டு எம், பலர் ஒன்றை விழுங்கிவிடுவார்கள்.

ஒப்பந்தத்தில் தேதி குறிக்க கமென்ஸ் சரி. சக ஊழியருக்கு அனுப்பும் மெயிலில் ஸ்டார்ட்டே போதும், அங்கே கமென்ஸ் போட்டால் வீட்டுக்குள் கோட்டு போட்டுத் திரிவது மாதிரி இருக்கும்.