ஜாங்கோ எங்கே இருக்கிறது: பிப்பைக் கேட்பதா, பைத்தானைக் கேட்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை மாலைகளில் நம் பிள்ளைகள் சிலருக்கு ஜாங்கோ (பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் மென்பொருள்) சொல்லிக்கொடுக்கிறேன். அட்மின் (தள நிர்வாக) பக்கத்தின் தலைப்பை டெம்ப்ளேட் (பக்கத்தின் வடிவம் எழுதிய கோப்பு) வழியாக மாற்ற, ஜாங்கோவின் சொந்த டெம்ப்ளேட்டைப் பார்த்து நகலெடுக்க வேண்டும். அதற்கு முதலில் ஜாங்கோ கணினியில் எங்கே கிடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு வழி, பைத்தான் பொதிகளை நிறுவும் கருவியான பிப்பைக் கேட்பது: டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) 'பிப் ஷோ ஜாங்கோ' (pip show django) என்று அடிப்பது. பதிப்பு எண், சார்ந்த பொதிகள், லொகேஷன் வரியில் சைட்-பேக்கேஜஸ் (நிறுவிய பொதிகள் இருக்கும்) ஃபோல்டரின் முகவரி எல்லாம் வரும். எளிது. ஆனால் ஒரே கணினியில் இரண்டு பைத்தான் இருந்தால், பிப் எதைச் சேர்ந்தது என்பதே சந்தேகம். 'பைத்தான் -எம் பிப் ஷோ ஜாங்கோ' (python -m pip show django) என்று அடித்தால் அந்தக் குழப்பம் தீரும்.

மற்றது, பைத்தானுக்குள் போய் ஜாங்கோவை இம்போர்ட் செய்து, அதன் ஃபைல் மதிப்பை (django.__file__; முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு) பிரிண்ட் செய்வது. பதிப்பு விவரம் வராது. ஆனால் பைத்தான் உண்மையில் எந்த ஜாங்கோவை எடுக்கிறது என்று காட்டும்.

போன மாதம் ஒரு தம்பியின் புராஜெக்ட் ஓடவே இல்லை. பிப் காட்டிய இடம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் பிரிண்ட் செய்தால், அவனுடைய ஃபோல்டரே வந்தது! பயிற்சிக்காக எழுதிய கோப்புக்கு 'ஜாங்கோ.பை' (django.py) என்றே பெயர் வைத்திருந்தான். பைத்தான் முதலில் அதைத்தான் எடுத்தது. பெயரை மாற்றியதும் ஓடியது.

பதிப்பு தெரிந்தால் போதுமென்றால் பிப். கோளாறு என்றால், நான் பைத்தானைத்தான் கேட்பேன். எதைக் கேட்டாலும், விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (புராஜெக்ட்டுக்கென்று தனியாக வைத்த பைத்தான் சூழலை) ஆக்டிவேட் செய்துவிட்டுக் கேளுங்கள்.